உள்ளான்களை இனம் காண்பது எப்படி? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

தண்ணீர் வற்றிய சேற்றில் நூறு பறவைகள் மேய்கின்றன. அத்தனையும் மேலே பழுப்பு அல்லது சாம்பல், கீழே வெள்ளை. கையேட்டைப் புரட்டினால் அதிலும் பக்கம் பக்கமாக அதே பழுப்பு, அதே வெள்ளை. பறவை பார்க்கத் தொடங்கிய பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போய், பைனாக்குலரை மீன்கொத்தி பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

உள்ளான்கள் கடினமானவைதான். ஆனால் அந்தக் கடினத்தில் பெரும்பகுதி நாம் தவறான முனையிலிருந்து தொடங்குவதால் வருவது. கிளியையும் மாங்குயிலையும் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்த பழக்கத்தில் இங்கேயும் முதலில் நிறத்தைத் தேடுகிறோம். உள்ளானின் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும், வயதுக்கு வயது மாறும், மேகம் மறைத்தால்கூட வேறு மாதிரி தெரியும். உடல் வடிவம், அலகு, கால், இரை தேடும் விதம், பறக்கும்போது தெரியும் வெள்ளைப் பட்டைகள், குரல் ஆகியவை மாறுவதில்லை. அதனால் இந்த வழிகாட்டி அவற்றிலிருந்து தொடங்கி, நிறத்துக்குக் கடைசியில் வருகிறது.

முதல் படி: உள்ளானா, உப்புக்கொத்தியா?

கரையில் மேயும் சின்னப் பறவை எதைக் கண்டாலும் முதல் கேள்வி இதுதான். உப்புக்கொத்திகளும் ஆட்காட்டிகளும் உள்ளான்களுக்கு உறவு, ஆனால் தனிக் குடும்பம். இரண்டையும் பிரிக்க இறகைப் பார்க்கவே வேண்டாம், நடை போதும். உப்புக்கொத்தி குடுகுடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கணம் அசையாமல் தரையைப் பார்க்கும், குனிந்து ஒரே கொத்து. மறுபடி ஓட்டம். அது கண்ணால் வேட்டையாடும் பறவை. அதனால்தான் கண் பெரிதாகவும், தலை உருண்டையாகவும், அலகு குட்டையாகவும் இருக்கிறது.

உள்ளான்களில் பெரும்பாலானவை அப்படி நின்று நின்று பார்ப்பதில்லை. தலையைத் தாழ்த்தியபடி நடந்துகொண்டே கொத்தும், துழாவும், சேற்றைக் குத்திப் பார்க்கும். அவற்றுக்கு அலகு நுனிதான் கண். இந்த வேறுபாடு பழகிவிட்டால், கானல் அலையும் மதிய வெயிலில், தூரத்தில் வெறும் நிழலுருவாகத் தெரியும் பறவையைக்கூடக் குடும்பம் பிரித்துவிடலாம்.

உள்ளான் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ நூறு இனங்கள் உண்டு. கோட்டான்கள் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவைகள்), மூக்கன்கள், கொசு உள்ளான்கள், கோரை உள்ளான்கள், கல்திருப்பி, செங்கழுத்து உள்ளான் எல்லாம் இதில் அடக்கம். பெயரில் உள்ளான் இருந்தும் குடும்பத்துக்கு வெளியே நிற்பவையும் உண்டு. நெடுங்கால் உள்ளானும் கோணமூக்கு உள்ளானும் சேர்ந்து தனிக் குடும்பம். மயில் உள்ளான் இலைக்கோழிக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

இரண்டாம் படி: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடலோரத்திலும் கழிமுகத்திலும் கடிகாரத்தைவிட ஓதம்தான், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம். தண்ணீர் முழுதாக வடிந்திருக்கும்போது போனால் பறவைகள் சேற்றுவெளியின் கடைக்கோடியில் புள்ளிகளாகத் தெரியும். தண்ணீர் ஏறத் தொடங்கும்போது போங்கள். மேயும் இடம் குறையக் குறைய அது பறவைகளைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். உச்ச ஓதத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதுவே நல்ல நேரம். நீங்கள் நகராமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் அவை தானாக அருகில் வரும். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்றைய நேரத்தை நம்பிப் போகாமல் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம்.

ஏரி, குளம், உப்பளம் போன்ற இடங்களில் ஓதக் கணக்கு இல்லை. அங்கே காலை வெயில்தான் கணக்கு. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

கருவி என்று பார்த்தால் 8×42 அல்லது 10×42 பைனாக்குலர் தொடங்கப் போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம் மி.மீ.யில்). ஆர்வம் நிலைத்தால் அடுத்தது முக்காலியில் வைக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப். மற்ற பறவைகளுக்கு அது இல்லாமல் சமாளிக்கலாம், கரைப்பறவைகளுக்கு அது உண்மையிலேயே உதவும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு பறவையை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரே நாளில் இருபது இனங்களைக் கற்க முயல வேண்டாம். அடிக்கடி கிடைக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை சாதாரண உள்ளான். ஐரோப்பாவிலிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா வரை அது போகாத தண்ணீர்க்கரை குறைவு. கூட்டத்தை விரும்பாது, பெரும்பாலும் தனியாகவே இருக்கும். அதனால் ஒரே பறவையை நிதானமாகப் பார்க்கலாம்.

சுமார் 20 செ.மீ. நீளம். நடக்கும்போதும் நிற்கும்போதும் உடலின் பின்பாதி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். மார்பின் பக்கவாட்டில் பழுப்புத் திட்டு, அதற்கும் மடித்த இறக்கைக்கும் நடுவே வெள்ளை நிறம் ஒரு கொக்கி போல மேலே ஏறி வரும். இந்த வெள்ளைக் கொக்கியை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு சந்தேகமே வராது. வால் இறக்கை நுனியைத் தாண்டி நன்றாக நீண்டிருக்கும். கலைந்து பறந்தால் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகப் போகும். இறக்கையை முழுதாக உயர்த்தாமல் விறைப்பாகப் படபடவென்று நாலைந்து அடி, அப்புறம் ஒரு சறுக்கல், மீண்டும் படபடப்பு. இறக்கையில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை. கூடவே ‘ஸ்வீ-வீ-வீ’ என்று மெல்லிய குரல்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இனி இதுதான் உங்கள் அளவுகோல். புதிய பறவை எதைக் கண்டாலும் ‘சாதாரண உள்ளானைவிடப் பெரிதா, சிறிதா? கால் நீளமா? வால் ஆடுகிறதா?’ என்று கேட்டுக்கொள்ளலாம். வெறும் செ.மீ. கணக்கு களத்தில் உதவாது. தனியாக நிற்கும் பறவையின் அளவை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று நின்றால்தான் அளவு பிடிபடும்.

நான்காம் படி: அலகைப் படியுங்கள்

உள்ளான் குடும்பத்தின் கதை முழுவதும் அலகில்தான் இருக்கிறது. நீளம், தடிமன், வளைவு என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

நீளத்தைத் தலையோடு ஒப்பிடுங்கள். கொசு உள்ளானின் அலகு தலையின் நீளம்கூட இருக்காது. பவளக்காலிக்குத் தலையைவிடச் சற்று நீளம். மூக்கன்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய கோட்டானுக்கு மூன்று மடங்கு வரை போகும். குடும்பத்திலேயே பெரிய உருவம் கொண்ட தூரக்கிழக்குக் கோட்டானின் பெண் பறவைக்கு அலகு 20 செ.மீ. அளவுக்கு வளர்கிறது. பல நீள அலகு இனங்களில் ஆணைவிடப் பெண்ணுக்கு அலகு நீளம் என்பதால், ஒரே கூட்டத்தில் அலகு அளவு ஏறி இறங்கினால் குழம்ப வேண்டாம்.

வளைவில் நான்கு வகை. நேராக இருப்பது பவளக்காலி, பொறி உள்ளான். கீழ்நோக்கி வளைவது கோட்டான்கள், வளைமூக்கு உள்ளான். மேல்நோக்கி லேசாக வளைவது பட்டைவால் மூக்கன், பச்சைக்காலி, டெரெக் உள்ளான். நான்காவதாக நுனியில் மட்டும் விசித்திரம் காட்டுபவை. கரண்டிமூக்கு உள்ளானின் அலகு நுனி தட்டையாக விரிந்திருக்கும்.

சரி, இத்தனை வகை எதற்கு? சேற்றின் ஒவ்வொரு ஆழத்திலும் ஒவ்வொரு வகை உயிர் இருக்கிறது. மேல்பரப்பில் பூச்சி, கொஞ்சம் கீழே சிறு சிப்பி, ஆழத்தில் புழு, வளைக்குள் நண்டு. அலகின் அளவு வேறுபடுவதால் பல இனங்கள் ஒரே திட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மேய முடிகிறது.

கண்ணுக்குத் தெரியாத சேற்றுக்குள் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது இன்னும் வியப்பு. அலகு நுனியின் எலும்பில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. ரெட் நாட் என்னும் உள்ளான் ஈர மணலில் அலகை வேகவேகமாகக் குத்தும்போது மணல் துகள்களுக்கு இடையே இருக்கும் தண்ணீரில் அழுத்தம் பரவுகிறது. உள்ளே சிப்பி புதைந்திருந்தால் அந்த அழுத்தம் தடைபட்டு மாறும், பறவை அதை உணர்ந்துவிடும். நெதர்லாந்து ஆய்வாளர் தியூனிஸ் பியர்ஸ்மாவின் குழு இதை 1998-இல் வெளியிட்டது. ஈர மணலில் உயிரில்லாத கல்லைப் புதைத்து வைத்தபோதும் நாட் பறவைகள் அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தன. ஆக, வாசனையோ அசைவோ இல்லாமலேயே தேட முடிகிறது.

இன்னொன்றும் உண்டு. நீள அலகை முழுதாகச் சேற்றில் புதைத்துவிட்டால் வாயைத் திறப்பது எப்படி? மேல் அலகின் நுனிப்பகுதி மட்டும் தனியாக மேலே வளையும். மீதி அலகு மூடியிருக்க, நுனி மட்டும் இடுக்கி போலத் திறந்து புழுவைப் பிடிக்கிறது. மூக்கனோ கோட்டானோ சோம்பல் முறிக்கும்போது ஸ்கோப்பில் கவனித்தால், அலகு நுனி மட்டும் மேலே மடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஐந்தாம் படி: சாப்பிடும் விதத்தைக் கவனியுங்கள்

ஒரு பறவைக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். எதையும் குறிக்காமல், கையேட்டைத் திறக்காமல் சும்மா பாருங்கள்.

அலை பின்வாங்கும்போது அதன் பின்னே ஓடி, அடுத்த அலை வரும்போது முன்னே திரும்பி ஓடி, பொம்மைக்குச் சாவி கொடுத்தாற்போல ஓயாமல் ஓடும் வெளிறிய பறவை சாண்டர்லிங். அதற்குப் பின்விரல் கிடையாது, குடும்பத்தில் இது அபூர்வம். கூழாங்கல்லையும் கடற்பாசியையும் அலகால் நெம்பிப் புரட்டினால் அது கல்திருப்பி. சேற்றில் குனிந்து விரட்டி விரட்டி நண்டு பிடித்தால், அலகு மேல்நோக்கி வளைந்து கால் குட்டையாக ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால், அது டெரெக் உள்ளான். வயிறு தொடும் தண்ணீரில் கூட்டமாக நின்று, தலையையும் தண்ணீருக்குள் விட்டுக் குத்திக்கொண்டே இருந்தால் மூக்கன்கள். நீந்திக்கொண்டே வட்டமாகச் சுழன்றால் செங்கழுத்து உள்ளான். அந்தச் சுழற்சி கீழிருக்கும் தண்ணீரை மேலே இழுக்கும், கூடவே சிற்றுயிர்களும் மேலே வரும். அலகில் பிடித்த நீர்த்துளியை அலகைத் திறந்து மூடியே வாய்க்குள் ஏற்றிவிடும், உறிஞ்சத் தேவையில்லை.

இந்த நடத்தைகள் பருவத்தால் மாறுவதில்லை, தேய்ந்த இறகால் மறைவதுமில்லை. என்னைக் கேட்டால் களத்தில் அதிக நம்பிக்கை தருவது இந்தப் படிதான்.

ஆறாம் படி: கால்

நிறத்தை நம்பாதீர்கள் என்று சொன்னதற்கு ஒரு விலக்கு கால். பவளக்காலிக்குச் சிவப்பு, பச்சைக்காலிக்கு மங்கிய பச்சை, பொறி உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சை, சின்னக் கொசு உள்ளானுக்குக் கறுப்பு. ஒரே எச்சரிக்கை, சேறு. சேறு பூசிய மஞ்சள் கால் கறுப்பாகத்தான் தெரியும். தண்ணீரில் நடந்து கழுவிக்கொண்டு வரும்வரை காத்திருங்கள். கால் நீளத்தையும் பாருங்கள். பறக்கும்போது பாதம் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது பல இடங்களில் முடிவைச் சொல்லிவிடும்.

ஏழாம் படி: பறக்கும் அந்த இரண்டு நொடி

பறவை எழுந்ததும் ‘போச்சு’ என்று பைனாக்குலரை இறக்கிவிட வேண்டாம். நிற்கும்போது மறைந்திருந்த விடை இறக்கை விரியும்போதுதான் தெரியும். மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: இறக்கையில் வெள்ளை உண்டா, வாலடியில் (முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில்) வெள்ளை உண்டா, முதுகில் வெள்ளை ஏறியிருக்கிறதா.

இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை என்றால் பவளக்காலி. இறக்கை முழுதும் கருமை, ஆனால் வெள்ளை வாலடியிலிருந்து முதுகு நடுவே கூம்பாக ஏறினால் பச்சைக்காலி அல்லது சதுப்பு உள்ளான். இறக்கை நடுவே பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வெள்ளை வாலடி, கறுப்பு வால் என்றால் கருவால் மூக்கன். பட்டைவால் மூக்கனுக்கு அந்த இறக்கைப் பட்டை கிடையாது.

எட்டாம் படி: காது

பல உள்ளான்கள் எழும்போது குரல் கொடுக்கும். பச்சைக்காலி ஒரே அழுத்தத்தில் ‘ட்யூ-ட்யூ-ட்யூ’ என்று மூன்று முறை. பவளக்காலியின் குரல் முதல் ஒலியில் இழுத்து அடுத்ததில் தணியும், ‘ட்யூ-ஹு-ஹு’. சின்னக் கோட்டான் ஒரே சுருதியில் ஏழெட்டு முறை விட்டுவிட்டு விசிலடிக்கும். பொறி உள்ளான் கூர்மையாக ‘சிஃப்-இஃப்-இஃப்’. பதிவுகளை வீட்டில் கேட்டுப் பழகலாம், ஆனால் களத்தில் பறவையைப் பார்த்துக்கொண்டே கேட்கும் குரல்தான் மனதில் தங்கும். பறவையை வரவழைக்கக் குரல் பதிவை அங்கே ஒலிக்கவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: இப்போது நிறம்

இனத்தை ஏறத்தாழ முடிவு செய்தபின் நிறத்துக்கு வாருங்கள். இப்போது அது குழப்பாது, வயதையும் பருவத்தையும் சொல்லும்.

ஆர்க்டிக் பகுதியில் கூடு கட்டும் பல இனங்களுக்கு மூன்று உடைகள் உண்டு. இனப்பெருக்க உடையில் வளைமூக்கு உள்ளான் செங்கல் சிவப்பு, டன்லின் என்னும் சிறு உள்ளானுக்கு வயிற்றில் கறுப்புத் திட்டு, மூக்கன்களுக்குச் செம்பழுப்பு. இனப்பெருக்கம் முடிந்தபின் எல்லாம் சாம்பலாகிவிடும். மூன்றாவது, அந்த ஆண்டு பிறந்த இளம் பறவையின் உடை. அதன் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்தவை, அதனால் ஒரே அளவில், புத்தம் புதிதாக, ஒவ்வொன்றும் வெளிர் விளிம்போடு செதில் அடுக்கினாற்போல இருக்கும். அதே மாதத்தில் பக்கத்தில் நிற்கும் முதிர்ந்த பறவையின் முதுகைப் பாருங்கள். தேய்ந்து நுனி உடைந்த பழைய இறகும், இடையிடையே முளைத்த சாம்பல் இறகும் கலந்து அலங்கோலமாக இருக்கும்.

வடக்கே கோடை முடியும் காலத்தில் முதலில் தெற்கு நோக்கி வருபவை பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள். குஞ்சுகள் சில வாரம் கழித்துத்தான் கிளம்பும். பல இனங்களில் தாய் தகப்பன் துணையின்றி, முன்பின் போகாத பாதையில், தம் போக்கில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து சரியான இடத்தில் வந்து இறங்குகின்றன. செதில் முதுகுள்ள கொசு உள்ளான் ஒன்றைப் பார்க்கும்போது, அது சில மாதங்களுக்கு முன்புதான் ஆர்க்டிக் துந்திரத்தில் முட்டையை உடைத்து வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழப்பும் ஜோடிகள்

வழக்கமாகச் சிக்கல் தருபவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பொறி உள்ளான், கருப்பு உள்ளான். இரண்டுக்கும் வாலடி வெள்ளை. பொறி உள்ளானின் முதுகில் வெளிர் புள்ளிகள் நிறைய, வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னாலும் போகும், இறக்கையின் அடிப்புறம் வெளிர். கருப்பு உள்ளானின் முதுகு கருமை, புள்ளிகள் மிக நுண்ணியவை, புருவம் கண்ணுக்கு முன்னாலேயே முடிந்துவிடும், இறக்கையின் அடிப்புறம் கறுப்பு. எழுந்து பறந்தால் கருப்பு வெள்ளைப் பறவை போலவே தெரியும்.

பச்சைக்காலி, சதுப்பு உள்ளான். சதுப்பு உள்ளான் சின்னது, ஒல்லி, கால் உடலுக்கு மிஞ்சிய நீளம், அலகு ஊசி போல மெல்லிசாக நேராக இருக்கும். பச்சைக்காலியின் அலகு அடியில் தடித்து, லேசாக மேலே நிமிர்ந்திருக்கும்.

பவளக்காலிக்கு ஒரு சொந்தம் உண்டு, புள்ளிப் பவளக்காலி. அதற்கும் சிவப்புக் கால்தான். ஆனால் அலகு இன்னும் நீளம், மெல்லிசு, சிவப்பு கீழ் அலகின் அடியில் மட்டும். பறந்தால் இறக்கையின் பின்விளிம்பில் அந்த வெள்ளைப் பட்டை இருக்காது. இனப்பெருக்கக் காலத்தில் உடலே கறுப்பாகிவிடும்.

வளைமூக்கு உள்ளான், டன்லின். சாம்பல் உடையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். வளைமூக்குக்குக் கால் நீளம், அலகு வளைவு சீரானது, நிற்பதில் ஒரு நிமிர்வு உண்டு. பறந்தால் வாலடி முழு வெள்ளை. டன்லினுக்கு வாலடியின் நடுவே கருங்கோடு ஓடும்.

சின்னக் கொசு உள்ளான், டெமிங்க் கொசு உள்ளான். சின்னதற்குக் கறுப்புக் கால், துறுதுறுப்பு, கூட்டம், திறந்த சேற்றுவெளி. டெமிங்குக்கு மஞ்சள் பச்சைக் கால், மார்பு முழுக்கச் சாம்பல் பூச்சு, புல்லோரத்தில் நிதானமாக ஊர்வது போன்ற நடை, பறக்கும்போது வால் ஓரத்தில் சுத்த வெள்ளை. கொசு உள்ளான்களில் இன்னும் சில இனங்கள் உண்டு. அவற்றை முதல் ஆண்டிலேயே பிரிக்க முயலாமல் ‘கொசு உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று குறிப்பது நேர்மையான பதிவு. தேர்ந்தவர்களும் அப்படித்தான் குறிக்கிறார்கள்.

பெரிய கோட்டான், சின்னக் கோட்டான். தலையைப் பாருங்கள். சின்னதற்கு உச்சந்தலையில் இரண்டு கரும்பட்டைகளும் நடுவே ஒரு வெளிர்கோடும் தெளிவாக இருக்கும், அலகும் குட்டை, நுனிப்பக்கத்தில்தான் வளையும். பெரியதன் தலை பட்டை ஏதுமின்றி வெறுமையாக இருக்கும்.

கடைசியாக பேதை உள்ளான். யாரையும் ஏமாற்றும் பறவை இது. ஆண் பெண்ணைவிட மிகப் பெரியது, கால் நிறம் பச்சையிலிருந்து ஆரஞ்சுச் சிவப்பு வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு வேறு இனம் என்றே தோன்றும். சிறிய தலை, நீண்ட கழுத்து, தொப்பை வயிறு, தலையளவே அலகு, பறந்தால் வாலடியில் இரண்டு வெள்ளை நீள்வட்டங்கள். இந்த வடிவத்தை நம்பினால் தப்பிக்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவைகள் கழுத்தைச் சுற்றிப் பெரிய பிடரி வளர்த்துக்கொண்டு ஆடுகளத்தில் கூடுகின்றன. அந்த ஆண்களிலும் மரபணுவால் வேறுபட்ட மூன்று வகை உண்டு: இடம் பிடித்துச் சண்டையிடுபவை, வெண்பிடரியோடு பக்கத்தில் ஒட்டிக்கொள்பவை, பெண் பறவை போலவே தோற்றம் கொண்டு உள்ளே நுழைபவை.

தூரம் விடுங்கள்

கரைப்பறவையைப் பார்ப்பவர் கட்டாயம் கற்க வேண்டியது இது. கிட்டே போய் ஒரு படம் எடுக்கும் ஆசையில் கூட்டத்தைக் கலைப்பது சின்ன விஷயம் இல்லை.

பட்டைவால் மூக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு எட்டு நாளுக்குச் சற்று மேலே, 11,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக, எங்கும் இறங்காமல் பறந்தது. 2022-இல் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து சேர்ந்தது. இடையில் உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. இந்தப் பயணத்துக்கான எரிபொருள் முழுவதும் உடலில் சேர்த்த கொழுப்பு. அலாஸ்காவிலிருந்து கிளம்பும் மூக்கன்களின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு என்று கண்டிருக்கிறார்கள். கிளம்புமுன் வயிறு, குடல், ஈரல் போன்ற உறுப்புகள்கூடச் சுருங்கிப் பாரத்தைக் குறைக்கின்றன.

அந்தக் கொழுப்பு சேரும் இடம்தான் நாம் நிற்கும் சேற்றுவெளி. உச்ச ஓதத்தில் கூட்டமாக ஒற்றைக் காலில் நின்று தூங்கும் பறவைகளை எழுப்பிப் பறக்கவைத்தால், அவை சேர்த்ததைச் செலவழிக்கின்றன. பறவைகள் மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டி எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே இவற்றுக்கு இடம் சுருங்கிவிட்டது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்றுவெளிகள் கிழக்காசிய வலசைப் பாதையின் முக்கியமான தங்குமிடம். அவற்றில் பெரும்பகுதி கடந்த சில பத்தாண்டுகளில் நிலமாக மாற்றப்பட்டுவிட்டது. தென்கொரியாவின் செமாங்கம் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் கடற்சுவர் 2006-இல் மூடியபின், அங்கே பெருங்கூட்டமாகத் தங்கிவந்த பெரிய நாட் (கிரேட் நாட்) என்னும் உள்ளான்கள் குறைந்துபோயின. எஞ்சிய சேற்றுவெளிகளில் சில 2019-இல் சீனப் பக்கமும் 2021-இல் கொரியப் பக்கமும் உலகப் பாரம்பரியக் களங்களாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. மெல்லலகுக் கோட்டானுக்கு அப்படி எதுவும் நேரத்தில் கிடைக்கவில்லை. மொராக்கோவின் மெர்ஜா ஜெர்கா காயலில் 1995-இல் பார்த்ததே அதன் கடைசி உறுதியான பதிவு.

பார்த்ததை எழுதுங்கள்

குறிப்பேட்டில் முதலில் இடம், தேதி, நேரம், ஓதத்தின் நிலை. அப்புறம் பறவையை வரையுங்கள். ஓவியம் வரத் தெரியாதவரும் வரையலாம். ஒரு முட்டை வடிவ உடல், தலை, அலகு, கால். அலகு நீளத்தைக் கோட்டில் காட்ட முயலும்போது, பார்க்காமல் விட்டது எது என்று உடனே தெரிந்துவிடும். கையேட்டை அதற்குப் பிறகே திறங்கள். முன்னதாகத் திறந்தால் படத்தில் இருப்பதைக் கண் பறவையில் தேடத் தொடங்கிவிடும்.

கூட்டத்தை எண்ணும்போது ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடத்தை வைத்து மீதிக் கூட்டத்தை அளந்துபோங்கள். பெரிய கூட்டம் என்றால் நூறு நூறாக. எண்ணிக்கையைப் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேரலாம்.

கூட்டத்தை எண்ணி முடித்ததும் கால்களை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். சில பறவைகளின் காலில் வண்ணக் கொடி மாட்டியிருப்பார்கள். எங்கே பிடித்துக் குறியிட்டது என்பதை அதன் நிறம் சொல்லும். கிழக்காசிய, ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் மஞ்சள் கொடி வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கு, ஆரஞ்சு விக்டோரியா மாநிலத்துக்கு. கொடியின் நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, அதில் எழுத்து இருந்தால் அது என்ன என்று நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து தெளியவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள், தெரிந்ததை மட்டும் அனுப்புங்கள். உங்கள் பகுதியின் வளையமிடும் திட்டத்துக்கு அனுப்பினால், அந்தப் பறவையை முதலில் எங்கே, என்று பிடித்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் பதிலாக வரும்.